நீ சொன்ன 148

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக மூச்சுக் காட்டாதவன் திடீரென்று எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். என் முட்டிவலி அப்படியே. மொட்டை ஓய்வு பெற்றுவிட்டான், பேச்சு மட்டும் ஓயவில்லை. விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிரிக்காதே, முழுசாகப் படி.

மூன்றாம் ஆண்டு லேபில், சுற்றினால் கரண்ட் தருகிற அந்த ஷன்ட் ஜெனரேட்டரை ஓட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் வேகம் அளக்க டாக்கோமீட்டர் பிடித்தேன், நீ வோல்ட்மீட்டர் பார்த்தாய். நிமிடத்துக்கு 1500 சுற்றில் 220 வோல்ட். வேகத்தை 1200-க்கு இறக்கினோம், நீ 148 என்றாய். "கண்ணைத் துடைத்துக்கொண்டு பார். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வோல்டேஜும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 176 வர வேண்டும்" என்றேன். "முள் 148-லதான்டா நிக்குது" என்று நீ முனகினாய். ரப்பரால் அழித்து 176 என்று எழுதியவன் நான். புள்ளியெல்லாம் நேர்கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்தது. மீசை வாத்தியாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் இத்தனை வருஷமாக உன்னை "நூத்தி நாப்பத்தெட்டு" என்று கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் பழைய வண்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் டைனமோ ஒன்று கைக்கு வந்தது, அதுவும் ஷன்ட் வகைதான். சும்மா விடுவேனா? முதலில் நம்பிக்கைக்காக ஒரு சின்ன நிரந்தரக் காந்த மோட்டாரை டிரில்லில் மாட்டிச் சுற்றினேன். 500 சுற்றுக்கு 4 வோல்ட், 1000-க்கு 8, 1500-க்கு 12. ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். வோல்டேஜுக்கு நமக்குத் தெரிந்த சூத்திரம்தானே: காந்தப் பாயம் (காந்தத்தின் வலு என்று வை), சுற்றுகிற கம்பிகளான கடத்திகளின் எண்ணிக்கை, வேகம் மூன்றையும் பெருக்கு. காந்தம் நிரந்தரம் என்றால் பாயம் மாறாது, கடத்திகள் எங்கும் ஓடிப்போகாது, மிச்சம் வேகம் ஒன்றுதான். பார்த்தாயா, நான் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அப்புறம் டைனமோவை மாட்டினேன். இரண்டு நாள் ஒன்றுமே வரவில்லை. கரண்டை வெளியே எடுக்கிற பிரஷ்ஷை உரசினேன், அது தொடுகிற கம்யூட்டேட்டரைத் துடைத்தேன், இல்லாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் பார்த்தால் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். காந்தத்தை உண்டாக்குகிற ஃபீல்டு காயிலுக்குப் போகிற கொஞ்சநஞ்சக் கரண்டும் இரும்பில் மிச்சம் இருந்த காந்தத்தை எதிர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. எது நேர், எது தலைகீழ் என்று எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

திசையை மாற்றினேன். 600 சுற்றில் முக்கால் வோல்ட். 800-இல் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். வெறுத்துப்போய் வேகத்தைக் கூட்டினேன். 1000-ஐ நெருங்கியபோது, நான் கையை எடுத்த பிறகும், முள் தானாக ஏற ஆரம்பித்தது மாப்ளே! இரண்டு, ஐந்து, எட்டு என்று யாரோ உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி ஏறியது. 1200-இல் 12 வோல்ட்டில் நின்றது. ஆசை விடவில்லை, 1500-க்குப் போனேன். கணக்குப்படி 15 வர வேண்டும். வந்தது 18. மாட்டியிருந்த பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்து, ஒரு நிமிடத்தில் கறுத்துப் போனது.

அந்தக் கறுத்த பல்பைப் பார்த்தபோதுதான் உன் 148 ஞாபகத்துக்கு வந்தது. ராத்திரி தூக்கம் போச்சு.

ஷன்டில் ஃபீல்டு காயிலுக்குத் தீனி போடுவதே, வோல்டேஜ் தருகிற அதே சுழலும் ஆர்மேச்சர்தான். வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும். வோல்டேஜ் கூடியதால் ஃபீல்டு கரண்ட் கூடும், அதனால் பாயமும் கூடும், மறுபடி வோல்டேஜ் கூடும். வட்டி குட்டி போடுகிற கதை. இறங்கும்போதும் இதே சங்கிலிதான், அதனால்தான் நம் மெஷின் 176-இல் நிற்காமல் 148 வரை வழுக்கியது. வேகம் குறைவாக இருந்தால் குட்டியே பிறக்காது: ஃபீல்டில் ஒரு ஆம்பியர் ஓடினால் கிடைக்கும் வோல்டேஜ், அந்த ஒரு ஆம்பியரை ஓட்டத் தேவையான வோல்டேஜைவிடக் குறைவு. இரண்டும் சமமாகிற வேகத்தைத்தான் மீசை வாத்தியார் 'கிரிட்டிகல் ஸ்பீடு' என்று தொண்டை கிழியக் கத்தினார். நாம் பின் பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை எழுத வேண்டாம். ஏற்றத்தை நிறுத்துவது இரும்பு. அது காந்தத்தால் நிறைவடைந்துவிட்டால் எத்தனை கரண்ட் கொடுத்தாலும் பாயம் பெரிதாக ஏறாது. அந்தத் தடை மட்டும் இல்லையென்றால் என் டைனமோ எங்கே போய் நின்றிருக்குமோ!

அப்படியானால் நான் சொன்னது எப்போது சரி? ஃபீல்டுக்குத் தனி பேட்டரி கொடுத்துக் கரண்டை அசையாமல் வைத்தால். அதையும் செய்து பார்த்துவிட்டேன், நேர்கோடுதான். சூத்திரம் பொய் சொல்லவில்லை. வேகத்தோடு பாயமும் மாறுகிறது என்பதை மறந்துவிட்டு நான்தான் பெருக்கினேன்.

இன்னொன்று படித்தேன், உனக்குப் பிடிக்கும். இந்தத் தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும் யோசனையை சீமென்ஸும் வீட்ஸ்டனும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1867 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரே கூட்டத்தில் இரண்டு பேருடைய கட்டுரையும் வாசிக்கப்பட்டதாம். சீமென்ஸுடையது சீரிஸ் (ஃபீல்டு காயில் ஆர்மேச்சரோடு தொடராக), வீட்ஸ்டனுடையது ஷன்ட் (பக்க இணைப்பாக). அங்கேயும் யாராவது பக்கத்திலிருந்தவரைக் கண்ணைத் துடைக்கச் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

உண்மையில் எனக்கு உறுத்துவது அளவு தப்பானது இல்லை. உன் கண் பார்த்ததை என் ரப்பர் அழித்தது. அதற்கப்புறம் வேலையில் எத்தனை முள்ளை இப்படி என் கோட்டுக்கு இழுத்து வைத்தேனோ, இப்போது நினைத்தால் கூசுகிறது.

சரி, உன் ரெக்கார்டு நோட்டை எதையும் தூக்கிப் போடாத உன் அம்மா பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. 176-க்கு அடியில் நீ பென்சிலால் அழுத்தி எழுதிய தடம் இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன்,
டாக்கோமீட்டர்