கூழாங்கல் கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போனை அம்மா கையில் வாங்கிவிட்டால் உங்களுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அப்புறம், இது கடல் சமாச்சாரம். அம்மாவிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

போன வாரம் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தது. பிரைட்டனில் செல்வி வீட்டுக்குப் போனேன். நர்சிங்கில் என்னோடு படித்தாளே, நம் வீட்டில் பாரைக் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டவள், அவள்தான். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாக நான் கடலையே பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா?

கரையில் மணல் கிடையாது. பொட்டல் முழுக்கக் கல். முட்டை அளவு, முஷ்டி அளவு, பழுப்பும் சாம்பலுமாக. எல்லாம் சக்கிமுக்கிக் கல்லாம். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து உதிர்ந்து அலையில் உருண்டு உருண்டு வழவழப்பானவை. நடந்தால் கணுக்கால் பிசகும். அலை ஏறி வரும்போது நம்மூர்ச் சத்தம்தான். திரும்பும்போதுதான் வேறு மாதிரி. அத்தனை கல்லும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, முறத்தில் சோழியைப் போட்டுப் புடைத்தாற்போல் ஒரு சலசலப்பு. அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். கால்விரல் மரத்துப் போன பிறகுதான் நகர்ந்தேன்.

கருவாட்டு வாடை இல்லை, டீசல் வாடை இல்லை. பொரித்த மீனும் வினிகரும்தான் மணக்கிறது. செல்வியின் பையன் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கடற்காகம் ஒன்று பறந்துவந்து கொத்திக்கொண்டு போனது. நம்மூர்க் காக்கைக்குக் கொஞ்சமாவது பயம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

தென்மேற்கே இருந்து சன்னமாகக் காற்று. கடல் மோசமில்லை, குளிர்தான். ஜனவரியில் தண்ணீர் 8, 9 டிகிரி. அதில் ஐந்தாறு பெண்கள் கம்பளித் தொப்பியோடு இறங்கிக் குளித்தார்கள். இரண்டு பேருக்கு நம் ஆச்சி வயது இருக்கும். 1860-இல் தொடங்கிய நீச்சல் கிளப்பே அங்கே இருக்கிறது. வருஷம் முழுக்கக் குளிப்பார்களாம். வலையை இழுத்துவிட்டு வந்து வெந்நீர் கேட்கும் உங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்தக் குளியல் பழக்கம் வந்த கதையைச் செல்வியின் வீட்டுக்காரர் சொன்னார். முன்னே பிரைட்டன் வெறும் மீனவர் ஊர். 1750 வாக்கில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கடல்நீரில் குளித்தால் நோய் தீரும் என்று புத்தகம் எழுதினார். குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டுமாம்! பணக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பின்னால் இளவரசரே வந்து அரண்மனை கட்டிக்கொண்டார். கரைக்குச் சற்று உள்ளே ஸ்டீன் என்று ஒரு புல்வெளி. மீனவர்கள் வலை காயப்போட்ட இடம் அது. சீமான்கள் உலாவுவதற்காக அதை வளைத்துப் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வலைக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு நடுவில் பெரிய நீரூற்று இருக்கிறது. அழகுதான்.

கடலோரச் சாலைக்கு அடியில் இருக்கும் வளைவறைகளில் ஒன்றை மீன்பிடி மியூசியமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பழைய மரப்படகு. ஓட்டுக் கூரை மாதிரி, ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி நிற்கும்படி அடித்திருக்கிறார்கள். உங்களுக்குக் காட்டவென்று அந்த மூட்டுவாயை மட்டும் நாலைந்து போட்டோ எடுத்தேன். தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடலுக்குள் நீளும் பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கில் குருவிகள். நம்மூர் மைனாவுக்குச் சொந்தம்தான், உடம்பெல்லாம் புள்ளி. ஒரே கூட்டமாகப் புகைபோலச் சுருண்டு, விரிந்து, திடீரென்று பாலத்துக்கு அடியில் கொட்டின, சாளைக் கூட்டம் வலையைக் கண்டு திரும்புமே, அதே திருப்பம். அதைப் பார்த்ததும் உங்கள் பக்கத்தில் படகின் அணியத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மேற்கே இன்னொரு பாலம், 1866-இல் திறந்தது. 2003-இல் எரிந்துபோய் இரும்புக்கூடு மட்டும் கடலில் நிற்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை.

செல்வியின் பையன் துளை விழுந்த கல் ஒன்றை என் பைக்குள் போட்டான். கரையிலிருந்து கல் எடுப்பது குற்றம் என்று செல்வி அதைத் திருப்பிப் போட வைத்தாள். கல்லுக்கு இருக்கும் சட்டத்தைப் பாருங்கள்.

இன்ஜின் பழுதுக்கு அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன், யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம். கோயிலுக்குப் பின்னால் நாம் வலை காயப்போடும் இடத்தை யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள் என்று தம்பி சொன்னானே, அது என்ன ஆயிற்று? விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்