ஓடிபி கேட்காமலே போன பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட பண மோசடிக் கட்டுரையைப் படித்தேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் என் பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். லிங்க் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அப்படியும் 17,500 ரூபாய் போய்விட்டது.

கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். மார்கழிக் கடைசியில் பையும் கையுமாக இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். கேஸ் ஏஜென்சி ஆட்களாம். ரேகை வைத்தால்தான் மானியம் வரும் என்று சொல்லி ஆதார் அட்டையைப் போட்டோ பிடித்தார்கள். மானியம் எந்த பேங்கில் ஏறுகிறது என்று கேட்டதற்குப் பெரியம்மா பாஸ்புக்கையே எடுத்துக் காட்டிவிட்டார். அப்புறம் சின்ன மிஷின் ஒன்றில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். "விழலைங்க பாட்டி, இன்னொருக்கா வைங்க." வைத்தார். "கொஞ்சம் அமுத்தி வைங்க." இப்படி நாலு தடவை.

சந்தேகம் வரவில்லையா என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டோம். எப்படி வரும்? கரும்புச் சோகை உரித்து, பால் பீச்சி, சோளத்தட்டு அறுத்து ரேகை தேய்ந்துபோன கை அது. ரேஷன் கடையில் மாதாமாதம் இதே பாட்டுத்தான். விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், நாலாவது ஐந்தாவது தடவைதான் மிஷின் ஏற்றுக்கொள்ளும். 'விழல' என்பது அவருக்குப் பழகிப்போன வார்த்தை. வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பால் பணம் எடுக்கப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரே நாளில் 10,000, அடுத்து 7,500. பக்கத்தில் ஏஇபிஎஸ் என்று அச்சாகியிருந்தது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை, இந்த மூன்றும் இருந்தால் பணம் எடுக்கலாம் என்கிற ஏற்பாடு அது. பின் நம்பர் கிடையாது, ஓடிபியும் கிடையாது. கவுன்டரில் இருந்தவர், "நீங்கதானுங்க ரேகை வெச்சிருக்கீங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டார். மெசேஜ் அனுப்பினோமே என்றும் சொன்னார். அது போனது, பெரியம்மாவின் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன புதிதில் வாங்கிய நம்பருக்கு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அது செத்து வருஷக்கணக்காகிறது. அந்த விஷயத்தில் தப்பு எங்கள் பேரில்தான்.

பெருந்துறையில் ஈமு கோழிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களையும், திருப்பூரில் பாசி என்ற நிதிக் கம்பெனியில் போட்டு இழந்தவர்களையும் பேராசைக்காரர்கள் என்று ஊரே ஏசியது. நானும்தான் ஏசினேன். பெரியம்மா என்ன ஆசைப்பட்டார்? தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை அச்செடுத்தே பணம் எடுத்திருக்கிறார்கள். அங்கே யாரும் வாசலுக்குக்கூட வரவில்லை.

இதற்கு வழி ஆதார் ஆப்பில் ரேகையைப் பூட்டி வைப்பது என்கிறார்கள். பேரன் பூட்டிக் கொடுத்தான். அடுத்த மாதம் ரேஷன் கடையில் நிஜமாகவே விழவில்லை. பேரனுக்கு போன் போட்டு, அவன் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, அது மறுபடி பூட்டிக்கொள்வதற்குள் அரிசி வாங்க வேண்டியிருந்தது. பேரன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

நான் கேட்பது இதுதான். 2020ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கு ஒரு விதி போட்டது. புதிதாகத் தரும் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகள் மூடியே இருக்கும், வேண்டுமென்று நாம் கேட்டால்தான் திறப்பார்கள். ரேகை வைத்துப் பணம் எடுப்பதற்கும் அதையே செய்யலாமே? நூறு நாள் வேலைக் கூலியை ஊருக்குள்ளேயே ரேகை வைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டுத் திறந்துகொள்ளட்டும். பேங்குக்கே நேரில் போகிற பெரியம்மாவின் கணக்கில் இந்தக் கதவு எதற்கு? வங்கிகளுக்காக ரேகை மிஷின் வைத்துப் பணம் கொடுக்கும் ஏஜென்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று 2026 ஜனவரியிலிருந்து விதி வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது மிஷினுக்குப் போடும் கடிவாளம், கணக்குக்குப் பூட்டு இல்லை.

இன்னொன்று, கவுன்டரில் சொன்னதைக் கேட்டு யாரும் திரும்பி வந்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தப்பு நம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. வங்கி மேலும் நம் மேலும் தப்பில்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் கிடையாது. எங்களுக்குத் தகவலே கிடைக்காததால் அந்த நாள் கணக்கில்தான் இப்போது வாதம் நடக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டோம். அந்தப் புகார் எண்ணோடு வங்கியில் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். எந்த ஏஜென்டின் மிஷினில் பணம் எடுக்கப்பட்டது என்பது அவர்கள் பதிவில் இருக்கும். அதையும் கேட்டிருக்கிறோம்.

ரேகையைப் பூட்டும் முறையையும் 1930 என்ற எண்ணையும் கொட்டை எழுத்தில் ஒரு பக்கமாகப் போடுங்கள். எங்கள் பால் சொசைட்டி சுவரில் ஒட்ட நானாச்சு. வயதானவர்களுக்குப் படித்துச் சொல்லவும் காலையில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.