ரூட்டர் விவரச் சீட்டு வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன் நான். கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு இணைய இணைப்பு நான்கு நாள் முடங்கிக் கிடந்தது. மழையில் கம்பி அறுந்ததாலோ, பணம் கட்டத் தவறியதாலோ அல்ல. ரூட்டர் பெட்டிக்குள் இருக்கவேண்டிய இரண்டு வரி விவரம் அழிந்துபோனதும், அந்த இரண்டு வரி எங்கள் வீட்டில் ஒருவரிடமும் எழுதி வைக்கப்படாததுமே காரணம். இதே நிலையில்தான் இந்த மாவட்டத்தில் பல வீடுகள் இருக்கின்றன என்று அதன்பின் விசாரித்தபோது தெரிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், தான் பார்க்கும் படம் பாதியில் நின்று வட்டமடித்துக்கொண்டே இருப்பதைக் கண்டு, பெட்டியின் பின்புறம் 'ரீசெட்' என்று எழுதியிருந்த சின்னஞ்சிறு துளையில் அவன் பாட்டியின் தையல் ஊசியை நுழைத்துப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டான். அப்படிச் செய்தால் வேகம் கூடும் என்று எங்கேயோ பார்த்தானாம். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. அதோடு பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. ஃபைபர் வழியாக ஒளி வருவதைக் காட்டும் 'பான்' விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தது. ஒளி அறுபட்டால் சிவப்பாக மின்னும் 'லாஸ்' விளக்கு அணைந்தே இருந்தது. அதாவது, கம்பத்திலிருந்து வீடு வரை எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் இணையம் இல்லை.

உதவி எண்ணுக்கு அழைத்தபோது, பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார்கள். அன்றைக்கு மட்டும் ஆறு முறை போட்டு எடுத்தேன். என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அங்கே இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே ஒன்பதரை. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மனைவி சாப்பிட உட்காருவாள். எங்கள் பக்கம் பள்ளத்தில் இருப்பதால் வீட்டுக்குள் கைபேசி சிக்னல் அறவே கிடையாது. நான்கு இரவுகள் அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டு விளைக்கு நடந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வந்த இளைஞர் திண்ணையில் உட்கார்ந்து தன் கைபேசியில் 192.168.1.1 என்று தட்டி, பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒரு பயனர் பெயரையும் அதற்கான கடவுச்சொல்லையும் உள்ளிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இதை ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போங்கள் தம்பி" என்றேன். "அது உங்களுக்கு எதுக்கு சாரே? என்ன வேணும்னாலும் ஒரு போன் போடுங்க, நான் வந்து செய்து தாறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குலசேகரம் முதல் கருங்கல் வரை ஒற்றை ஆளாகப் பைக்கில் அலைகிறவர். போன் போட்டால் வரக்கூடியவர்தான், நான்கு நாள் கழித்து. விவரத்தைச் சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அல்லது சொல்லவேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு வீட்டு ரூட்டரில் கடவுச்சொற்கள் மூன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முதலாவது, கைபேசியை வைஃபையில் சேர்க்கக் கேட்கும் சொல். நம்மில் பெரும்பாலோர் அறிந்தது இது ஒன்றைத்தான். இரண்டாவது, பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கான சொல். இது பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும், பல வீடுகளில் இன்றும் 'அட்மின்' என்ற ஒரே சொல்லாகவே இருக்கிறது. மூன்றாவது, இந்தப் பெட்டி இன்ன வாடிக்கையாளருடையது என்று நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவிக்கும் இணைப்புக் கடவுச்சொல். ரீசெட் செய்தால் முதல் இரண்டும் அடிச்சீட்டில் உள்ளபடி திரும்பிவிடும். மூன்றாவது திரும்பாது; அது நிறுவனத்தின் கோப்பிலும் தொழில்நுட்பப் பணியாளரின் கைபேசியிலும் மட்டுமே இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. சில இணைப்புகளில் பெட்டியின் வரிசை எண்ணே போதும். ஆனால் நம்முடையது எந்த வகை என்பதைக்கூட நமக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

முதல் கடவுச்சொல்லின் கதையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்கு ஒரு துட்டி விசாரிக்கப் போயிருந்தேன். அங்கே வைஃபையில் சேர, கை பழக்கத்தில் எங்கள் வீட்டுக் கடவுச்சொல்லையே தட்டிவிட்டேன். சேர்ந்துகொண்டது! இணைப்பு கொடுத்தவர் ஒருவரே என்பதால், எளிதாக நினைவில் நிற்கட்டும் என்று அக்கம்பக்கத் தெருக்களுக்கெல்லாம் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மைத்துனர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் இணைப்பின் வழியாக யார் எதை அனுப்பினாலும், வெளியே பதிவாவது நம் வீட்டு இணைப்பின் முகவரிதான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்களுக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அனுப்பியவர் அவரல்லர், ஆனாலும் காவல் துறை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்.

ஆகவே இணைப்பு கிடைத்த அன்றே அந்தச் சொல்லை நாமே மாற்றிவிடுவது நல்லது. இப்போது பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் 8 முதல் 63 எழுத்துகள் வரை வைக்கலாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பெட்டியில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம், பழைய கைபேசிகள் சேர மறுத்தால் இரண்டும் கலந்த முறை உண்டு. பாட்டன் பூட்டன் காலத்து விளையின் பெயரையும் குலதெய்வத்தின் ஊரையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதினாலே இருபது எழுத்து வந்துவிடும். கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் வேண்டாம். பொத்தானை அழுத்தினாலோ எட்டு இலக்க எண் ஒன்றைத் தட்டினாலோ கருவிகள் சேர்ந்துகொள்ளும் 'டபிள்யூபிஎஸ்' வசதியையும் அணைத்துவிட வேண்டும். அந்த எண்ணைப் பெட்டி இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், பத்துக்கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-இலேயே வெளிவந்துவிட்டது. அமைப்புப் பக்கத்துக்கான இரண்டாவது சொல்லும் அப்படித்தான். 2016-இல் உலகெங்கும் பரவிய 'மிராய்' என்ற தீநிரல் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்துத் தரும் பெயர், கடவுச்சொல் இணைகள் 60 சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் நம்மைக் கேட்டு முடிவாவதில்லை. கேபிள் எந்தச் சன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அதன் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. அடுக்களை கடைக்கோடியில், நடுவே ஒன்றரை அடி கனமுள்ள இரண்டு கருங்கல் சுவர்கள். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள்ளேயே சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தது என்றாலும் தூரம் போகும். முன்னறையில் பெட்டிக்கு மூன்றடி தள்ளி நின்று வேகத்தை அளந்து காட்டிவிட்டுப் போன அளவு அடுக்களையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாததற்கு நிறுவனம் காரணமன்று, சுவர்தான் காரணம். ஒரு மின் பணியாளரை வைத்து நீளமான கேபிள் இழுத்து, பெட்டியை நடு அறையில் ஆளுயரத்துக்கு மேல் மாற்றினேன். பேரனுக்கு வட்டமடித்த படம் இப்போது வட்டமடிப்பதில்லை. ஊசியைத் தேட வைத்த நோய்க்கு அன்றே இந்த மருந்தைக் கொடுத்திருக்கலாம். ஃபைபர் கேபிளை மாற்றுகிறவர்கள் அதைச் சுவர் மூலையில் ஒடிய மடக்கி ஆணி அடித்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வளைவு கூர்மையானால் ஒளி கசிந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதும் இடத்தைப் பொறுத்தது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டு வைஃபையின் இடைஞ்சல் கிடையாது. வடசேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும் குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களின் நெருக்கமான தெருக்களிலும் கதை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைத் தடங்கள், 1, 6, 11 என மூன்றே உள்ளன. அங்கே சுற்றுவட்டாரத்தில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து அமைத்துவிட்டு, ஒரே அறையில் பயன்படுத்தும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே வழி.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையையும் வாங்குகிறோம். ஐப்பசி மாலைகளின் இடியைச் சொல்லவே வேண்டாம். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் என் வீட்டில் இரண்டு மோடம்கள் கருகின. ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இழையில் பாயாது என்பது சரிதான். ஆனால் பெட்டியின் அடாப்டர் மின்கம்பியோடுதானே இணைந்திருக்கிறது? கம்பத்திலிருந்து வரும் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியும் அதனோடு வீட்டு ஓரம் வரை வருகிறது. இடி தொடங்குமுன் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது ஒன்றே வழி. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கருகிய அடாப்டருக்குப் பதில் வீட்டில் கிடக்கும் வேறொன்றை மாட்டுகிறவர்கள், அதில் எழுதியிருக்கும் வோல்ட் அதேதானா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய செட்டாப் பாக்ஸின் அடாப்டரை மாட்டி, பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

இவற்றையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால், கண்டதையும் தொட்டுக் கெடுத்துவிட்டு எங்களைத்தான் அழைப்பார்கள் என்று நிறுவனத்தார் சொல்லக்கூடும். பெட்டி வாடகைக்குக் கொடுக்கப்பட்டது, எங்கள் உடைமை என்றும் சொல்லலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்பெட்டிகளில் பலவற்றில் மேல்நிலை, கீழ்நிலை என இரண்டு பயனர் கணக்குகள் உள்ளன. மேல்நிலைக் கணக்கை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் சேனலையும் மாற்றக்கூடிய கீழ்நிலைக் கணக்கும், இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாதாமாதம் பணம் கட்டுகிறவரிடம் இருப்பதில் யாருக்கு என்ன நட்டம்? தொடாதே என்று சொல்வதால் பேரப்பிள்ளைகள் தொடாமல் இருப்பதில்லை என்பதற்கு என் வீடே சாட்சி.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். இணைப்பு கொடுக்க வருபவர் கிளம்புமுன் தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டை நிரப்பி வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் எண், பெட்டியின் வரிசை எண், அமைப்புப் பக்கத்தின் முகவரி, அதன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், இணைப்பு எந்த வகை, அதற்கான பெயரும் கடவுச்சொல்லும், இயல்பாக எரியவேண்டிய விளக்குகள் எவை, புகார் எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். வைஃபை கடவுச்சொல்லுக்கான கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, வீட்டுக்காரரையே நிரப்பச் சொல்லவேண்டும்.

நிறுவனங்கள் செய்யும்வரை காத்திருக்காமல், தங்கள் நாளிதழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் கால் பக்க அளவில் இந்தச் சீட்டைக் காலிக் கட்டங்களோடு வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்து, அடுத்த முறை வரும் பணியாளரிடம் பேனாவோடு நீட்டிக்கொள்கிறோம். எங்கள் வீட்டுச் சீட்டை நானே கையால் எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் உறைக்குள் வைத்திருக்கிறேன். இணைப்புக் கடவுச்சொல்லுக்கான கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.