பாட்டி, தாத்தா நோட்டு பற்றி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, இப்போது ஏழாம் வகுப்பு நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கதை கேட்டு, இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். அதையெல்லாம் சேர்த்துக் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்து, ஆண்டு விழாவில் அந்தப் பெரியவர்களிடமே கொடுப்பதாகத் திட்டம்.

நோட்டுகளைப் புரட்டினேன். பல நோட்டுகளில் "பாட்டி குடும்பத்தின் ஆணிவேர்" என்ற ஒரே வரி. எல்லாப் பாட்டியும் அன்பின் உருவம், எல்லாத் தாத்தாவும் ஆலமரம். இன்னும் சிலவற்றில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மதிப்பெண்ணை அம்மாவுக்குத்தான் போட வேண்டும். நீங்கள் வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு இது ஒரு பாரம் என்பது புரிகிறது. பிள்ளை குறைந்த மதிப்பெண் வாங்கிவிடக்கூடாது என்ற கவலையும் தெரிகிறது.

ஆனால் ஒரு மாணவியின் நோட்டைச் சொல்லியே ஆக வேண்டும். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலில் அவள் அப்பாயி வீட்டுக் கூரை பறந்துவிட்டது. ஒரு படி அரிசியையும் வத்திப்பெட்டியையும் பித்தளைக் குடத்தில் போட்டு மூடி, விடியும்வரை மடியிலேயே வைத்திருந்தாராம். காலையில் அந்தத் தெருவிலேயே நனையாத வத்திப்பெட்டி அது ஒன்றுதானாம். புயலைப் 'பொயல்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் திருத்த எனக்குக் கை வரவில்லை.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன். போனில் பார்த்து எழுதியதும், கடையில் அச்செடுத்ததும், பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததும் பத்திரிகையில் சேராது. அந்த நோட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் பிள்ளையே எழுதி, பள்ளி திறக்கும் நாளில் கொண்டுவர வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. பிழைக்காக யாரையும் திட்டவும் மாட்டோம்.

வீட்டில் பாட்டி, தாத்தா இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். மறைந்தவரைப் பற்றி நீங்கள் வாயால் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் முதல் சம்பளம், பள்ளியை நிறுத்திய நாள், பழைய பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர் என்று ஆரம்பிக்கலாம். அப்புறம், சொத்துத் தகராறு மட்டும் வேண்டாம். இரண்டு நோட்டில் அதுவும் வந்திருந்தது.

கரண்ட் போன நேரத்தில் பிள்ளையைத் தாத்தாவிடம் உட்கார வைத்துவிட்டுக் குறுக்கே பேசாமல் இருந்த பெற்றோர் சிலரை எனக்குத் தெரியும். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. பேத்தியின் கையில் ஆசிரியர் அறைக்கு அதிரசம் கொடுத்தனுப்பிய அந்த அப்பாயிக்கும் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்