அறுந்த நூலின் நுனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்ட இரண்டு கேள்வியும் இரண்டு வரியில் சொல்கிற மாதிரி இல்லை. குயில்ட் தைக்க எந்த மிஷின் வாங்கலாம், இத்தனை நூல் ஏன் அறுகிறது. இரண்டிலும் நான் ஒரு வருஷம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும், மத்தியானம் வேலை முடிந்த பிறகு படி.

இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும், ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இங்கே பேச்சும் சரியாக வராது, போக இடமும் கிடையாது. அப்போதுதான் கீழ் வீட்டுப் பாட்டி ஒரு குயில்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். மேலே சின்னச் சின்னத் துண்டாக ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்து மேலெல்லாம் வளைந்து வளைந்து தையல். நான் அதைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார், தைக்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் பின்பக்கம் பார்ப்பார்களாம். அடுத்த சனிக்கிழமை என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனார், அங்கே ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தைப்பார்கள். பேச்சு வராத இடத்தில் நீ கற்றுக்கொடுத்த தையல்தான் அக்கா எனக்காகப் பேசியது. இன்றைக்கு எனக்கு இங்கே இருக்கிற சிநேகிதிகள் எல்லாரும் அந்த அறையில் கிடைத்தவர்கள்தான்.

சரி, மிஷினுக்கு வருகிறேன்.

நான் முதலில் வாங்கினது தப்பான மிஷின். இருநூறு வகைத் தையல், பூ, இலை, எழுத்து எல்லாம் போடும் என்று சொன்னார்கள், அதைப் பார்த்து வாங்கிவிட்டேன். குயில்ட்டுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது, நேர்த்தையல். தேவையான இன்னொன்று அதில் இல்லை, அது இடம். ஊசிக்கும் வலது பக்கம் மிஷினின் தூணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைச் சொல்கிறேன். சாதாரண வீட்டு மிஷினில் அது ஆறு, ஏழு அங்குலம்தான். நீ ரவிக்கை தைக்கிறபோது அந்த இடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம், துணி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் பெரிய கட்டிலுக்கான குயில்ட் 90 அங்குலத்துக்கு 90 அங்குலம் வரும். நடுவிலிருந்து தைக்க ஆரம்பித்தாலும் 45 அங்குலம், அதுவும் பஞ்சோடு, சுருட்டி அந்த ஆறரை அங்குல இடுக்குக்குள் திணிக்க வேண்டும். திணித்துவிடலாம். நகர்த்த முடியாது. நகர்த்த முடியாத துணியை இழுக்கிறோம், இழுத்தால் ஊசி வளைகிறது, ஊசி வளைந்தால் நூல் போகிறது. உன்னுடைய இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதனால் மிஷின் பார்க்கப் போகிறபோது தையல் வகையை எண்ணாதே, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்த இடைவெளியை அள. ஒன்பது அங்குலத்துக்குக் குறையாமல் கிடைத்தால் நல்லது, பதினொன்று கிடைத்தால் கையில் பாதி வலி இருக்காது. அடுத்தபடியாக, அடியிலிருந்து துணியை நகர்த்துகிற பல்லை இறக்க முடிகிறதா என்று பார். வளைவுத் தையலில் துணியை நகர்த்துவது பல் இல்லை, நம் இரண்டு கைதான், அதனால் பல் கீழே போய்விட வேண்டும். அதோடு துணியை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு குத்துக்கும் துள்ளி எழும்புகிற சின்னப் பாதம் கிடைக்கிறதா என்றும், நேர்க்கோட்டுத் தையலுக்கு மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற நடக்கும் பாதம் பொருந்துமா என்றும் கேள். நடக்கும் பாதம் இல்லாவிட்டால் அடித்துணி முன்னால் போய், மேல்துணி பின்தங்கி, ஓரத்தில் சுருக்கம் விழுந்துவிடும். நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கிற வசதி ரொம்ப முக்கியம், கை மாற்றிப் பிடிக்கிற நேரத்தில் துணி நழுவாது. முழங்காலால் பாதத்தைத் தூக்குகிற கம்பியும் இருந்தால் இரண்டு கையும் துணியிலேயே இருக்கும், உனக்கு அது உடனே பழகிவிடும்.

ஜூகி, ஜனோம், பிரதர் எல்லாவற்றிலும் நேர்த்தையல் மட்டும் போடுகிற, வேகமான, அகலமான மாதிரிகள் இருக்கின்றன. நிமிஷத்துக்கு 1500 குத்து வரைக்கும் போகும். நான் இப்போது வைத்திருப்பதும் அந்த வகைதான், ஒருவர் பயன்படுத்திக் கொடுத்தது. நான் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. வேகமாக ஓடக்கூடிய மிஷின் மெதுவாக ஓடும்போது அலுங்காமல் ஓடுகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இங்கே சுவரும் தரையும் மெல்லிசு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஓட்டினால் கீழே சத்தம் கேட்கும், மேஜைக்கால் நாலுக்கும் கனமான ரப்பர் வைத்திருக்கிறேன்.

சட்டத்தில் துணியைக் கட்டிவிட்டு மிஷினையே நகர்த்தித் தைக்கிற நீளக்கை மிஷினைப் பற்றியும் கேட்டிருந்தாய். நூலகத்துக்கு வருகிற ஒருவரிடம் இருக்கிறது, நான் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. ஆனால் பெரிய குயில்ட்டுக்கான சட்டம் பத்து, பன்னிரண்டு அடி நீளம் வரும், அதற்கென்று ஓர் அறை வேண்டும். உனக்கு இப்போது வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உடனே எதையும் வாங்காதே. உன் கால் மிஷினிலேயே மூன்று சின்னக் குயில்ட் தைத்துப் பார். குழந்தைக்குப் போர்த்துகிற 36க்கு 45 அங்குலம் அந்த இடைவெளியில் தாராளமாகப் போகும். பல்லை இறக்க முடியாவிட்டால் அதன்மேல் ஒரு மெல்லிய தகடு வைத்து மூடலாம், அல்லது தையல் நீளத்தை பூஜ்யத்தில் வை. காலால் மிதிக்கிற வேகம் கைக்குப் பொருந்தி வரும், மோட்டார் மிஷினில் நான் அதற்குத்தான் ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். பெரிசாகத்தான் வேண்டும் என்றால் கட்டம் கட்டமாகத் தைத்து முடித்துப் பிறகு ஒன்றாக இணைக்கிற முறையும் இருக்கிறது. மூன்று தைத்த பிறகும் ஆசை இருந்தால் அப்போது அளவுநாடாவை எடு. பார்க்கப் போகும்போது உன் துணி, உன் பஞ்சு, உன் நூல் இந்த மூன்றையும் கொண்டுபோ, அதில்தான் தைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அங்கே வைத்திருக்கிற மொடமொடப்பான துணித்துண்டில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் தைக்கும்.

இனி நூல்.

போன பிப்ரவரியில் ஒரு ராத்திரி, நீலக் குயில்ட்டின் நடுவில் இருக்கிறேன். மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நூல் அறுகிறது. டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, தளர்த்தினேன், அறுந்தது. இன்னும் தளர்த்தினேன், அடியில் வளையம் வளையமாகத் தொங்கியது, அப்புறமும் அறுந்தது. கீழ்நூல் உருளை உட்காருகிற பாபின் கேஸின் திருகைத் திருப்பினேன். கடைசியில் எது எந்த இடத்தில் இருந்தது என்பதே தெரியாமல் போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டு அழுதேன் அக்கா. நூலுக்காக மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க எல்லாம் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை பாட்டி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், அறுந்த நுனி எங்கே என்று. நான் அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். திரும்பத் தைக்கச் சொல்லி, அறுந்ததும் அந்த நுனியைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பூதக்கண்ணாடியில் காட்டினார். துடைப்பம் மாதிரி பிரிந்து, பஞ்சு பஞ்சாக இருந்தது. அப்படிப் பிரிந்திருந்தால் நூல் எங்கேயோ உரசித் தேய்ந்து அறுந்திருக்கிறது. வெட்டினது மாதிரி நறுக்கென்று இருந்தால் எங்கேயோ மாட்டி இழுபட்டிருக்கிறது, அல்லது டென்ஷன் அதிகம். இதைப் பார்க்காமல் டென்ஷனில் கைவைக்காதே.

என்னுடையது ஊசி. தடித்த 30 நம்பர் நூலை மெல்லிய 75/11 ஊசியில் கோத்திருந்தேன். நூலில் நம்பர் ஏற ஏற மெலிசு, ஊசியில் நம்பர் ஏற ஏறத் தடிமன், இரண்டையும் நான் மனதில் குழப்பிக்கொண்டேன். 75 என்றால் ஊசியின் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 90 என்றால் 0.9. ஒரு நூல்துளி தையலில் போய் உட்காருவதற்குள் பலமுறை ஊசிக்கண்ணுக்குள் மேலும் கீழும் போய்வருகிறது, கண் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். பஞ்சையும் சேர்த்துக் குத்துகிற குயில்ட்டில் அது இன்னும் மோசம். கண் பெரிதாக இருக்கிற டாப்ஸ்டிச் ஊசி, 90/14, அதை மாட்டியதும் அந்த மூன்று அங்குலக் கதை நின்றது. சந்தேகம் வந்தால் ஊசியைக் கழற்றி ஒரு முழம் நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக இறுக்கிப் பிடி. ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி, பாதியில் நின்றால் பெரிய ஊசிக்குப் போ. எட்டு மணி நேரம் தைத்தால் நான் ஊசியை மாற்றிவிடுகிறேன். நீ முனை உடைகிற வரைக்கும் ஓட்டுவாய், எனக்குத் தெரியும். குயில்ட்டில் அது ஆகாது.

ஊசி மாற்றியும் நுனி பிரிந்தே வந்தால் ஊசி இறங்குகிற ஓட்டையுள்ள பிளேட்டைப் பார். துணியை இழுத்து ஊசி வளைந்து எப்போதாவது பிளேட்டில் குத்தியிருந்தால் ஓட்டையின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பஞ்சுக் குச்சியால் ஓட்டையைச் சுற்றியும், அடியில் மேல்நூலைப் பிடிக்கிற ஷட்டிலின் ஓரத்திலும் தடவு, பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அங்கேதான். ரொம்ப மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும், ஷட்டிலில் ஆழமாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடு.

நறுக்கென்று அறுகிறதா, நூல்கண்டைப் பார். நேராக வரிவரியாகச் சுற்றியிருக்கிற கண்டு நின்றபடி சுழன்று நூல் விட வேண்டும், குறுக்கே பின்னிச் சுற்றியதிலிருந்து நூல் மேல்முனை வழியாக வர வேண்டும். மாற்றி வைத்தால் முறுக்கேறி எங்காவது மாட்டும். கண்டின் விளிம்பில் நூல் நுனியைச் சொருகி வைக்க ஒரு வெட்டு இருக்குமே, அதிலேயே எத்தனை முறை மாட்டியிருக்கிறது தெரியுமா, அந்த வெட்டு அடிப்பக்கம் வருகிற மாதிரி வை. அப்புறம் நூல் கோக்கும்போது பாதம் மேலே தூக்கியிருக்கட்டும். கீழே இருந்தால் டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராமல் மேலாகவே ஓடும், அடியில் கூடு கட்டிக்கொள்ளும். அடியில் சிக்கு விழுந்தால் எல்லாரும் பாபினைத்தான் திட்டுகிறார்கள், பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்.

உன் அலமாரியில் வருஷக்கணக்காக இருக்கிற பருத்தி நூலை இதற்கு எடுக்காதே. இரண்டு கையிலும் பிடித்து இழுத்துப் பார், சட்டென்று விட்டுப்போனால் அது கையால் ஓட்டுத்தையல் போடத்தான் ஆகும். மூன்று அடுக்கையும் ஒட்டவைக்கப் பசை தெளிப்பான் பயன்படுத்தினால் ஊசியில் பிசுபிசுப்பு ஏறும், அவ்வப்போது துடை. பஞ்சுத்தூசும் நிறையச் சேரும், ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பாபின் கேஸைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டிவிடு.

இத்தனையும் பார்த்த பிறகுதான் டென்ஷன். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கிற முடிச்சு நடுப்பஞ்சுக்குள் மறைந்திருக்க வேண்டும், மேலேயும் தெரியக்கூடாது, கீழேயும் தெரியக்கூடாது. 1846-ல் எலியஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் முனையில் கண் வைத்த ஊசி, இரண்டு நூல், நடுவில் ஒரு பிணைப்பு, இதேதான் என்று பாட்டி சொன்னார். இத்தனை வருஷமாக அந்தப் பிணைப்பு மாறவில்லை என்பது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருந்தது.

இவ்வளவு பார்த்தும் எப்போதாவது அறுகிறது. அறுந்தால் அரை அங்குலம் பின்னால் போய், கீழ்நூலை மேலே இழுத்து எடுத்துக்கொண்டு, பழைய தையல்மேலேயே பொடிப்பொடியாக நாலு குத்துப் போட்டுத் தொடங்கு. நுனிகளைக் கையூசியில் கோத்துப் பஞ்சுக்குள் இழுத்துவிடு.

பார்சலில் அந்த நீலக் குயில்ட்டை அனுப்புகிறேன். அதோடு டாப்ஸ்டிச் ஊசி இரண்டு பாக்கெட்டும் இருக்கிறது, மாட்டுவதற்கு முன்னால் உன் மிஷின் ஊசியோடு வைத்து நீளத்தையும் தட்டைப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார். நீ குயில்ட்டை முதலில் திருப்பித்தான் பார்ப்பாய். இடது ஓரத்திலிருந்து நாலாவது வளைவில் முடிச்சு முடிச்சாக இருக்கும், அது அந்த பிப்ரவரி ராத்திரி. பாட்டி பிரித்துத் தைக்கச் சொன்னார், நான்தான் விட்டுவிட்டேன். நீயும் பிரித்துவிடாதே. உன் முதல் குயில்ட்டில் அறுந்த நுனி இரண்டை அடுத்த கடிதத்தில் ஒட்டி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை