தோட்டத்து மண்ணிலிருந்து வீட்டுக்கு வெப்பம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மண்ணிலிருந்து வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்கும் நிலவெப்ப ஹீட் பம்ப் மெஷினைப் பற்றி விசாரிக்க எங்களை அழைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். "பூமிக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருந்தால்தானே இது வேலை செய்யும்?" என்பது ஒன்று. "எந்தக் கம்பெனி மெஷின் நல்லது?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஃபோனில் அவசர அவசரமாகப் பதில் சொல்வதில் எங்களுக்கே திருப்தி இல்லை, அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு யாரிடம் வாங்கினாலும் விவரம் தெரிந்து வாங்குவீர்கள், எங்களுக்கு அது போதும்.

வெந்நீர் ஊற்றும் வேண்டாம், எரிமலையும் வேண்டாம். ஆழமாகத் துளைத்து நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்களே, அது வேறு தொழில். நாங்கள் பேசுவது வீட்டைச் சுற்றி இருக்கும் சாதாரண மண்ணைப் பற்றி. கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வெயில் கொளுத்தும் நாளில் இறைத்தால் சில்லென்று இருக்கும், பனி கொட்டும் விடியற்காலையில் இறைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் மாறியது தண்ணீர் இல்லை, மேலே இருக்கும் காற்றுதான். தரையிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர் கீழே போய்விட்டால் கோடையும் குளிரும் அங்கே எட்டுவதே இல்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி வருடம் முழுக்க மண் ஒரே மாதிரி இருக்கும். மேல்மட்டத்து மண்ணில் இருக்கும் இந்த வெப்பம் பெரும்பாலும் வெயில் சேர்த்து வைத்ததுதான். பூமியின் ஆழத்திலிருந்து ஏறி வருவது சொற்பம்.

சரி, 10 டிகிரியில் இருக்கும் மண்ணை வைத்து 21 டிகிரி வேண்டிய வீட்டை எப்படிச் சூடாக்குவது? உங்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்த வெப்பத்தை எடுத்து, அது ஓடுவதற்கான மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து, வெளியே தள்ளுகிறது. ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது. ஹீட் பம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது: தோட்டத்து மண் ஃபிரிட்ஜின் உட்புறம், உங்கள் வீடு அதன் பின்பக்கம்.

மண்ணுக்குள் பதித்த குழாயில் தண்ணீரும், அது உறையாமலிருக்க கிளைகால் (glycol) என்ற திரவமும் கலந்து ஓடுகிறது. அது மண்ணிலிருந்து சில டிகிரி வாங்கிக்கொண்டு மெஷினுக்கு வரும். மெஷினுக்குள் இருக்கும் கேஸ் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கக்கூடியது. உதாரணமாக ஆர்-410ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 51 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட கேஸுக்கு, நம் கைக்குக் குளிரும் 5 டிகிரித் தண்ணீர்கூட அடுப்பு மாதிரிதான். அது ஆவியானதும் கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதைப் போல அழுத்த அழுத்தச் சூடேறும். அந்தச் சூட்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, ஒரு சின்ன வால்வைத் தாண்டும்போது அழுத்தம் இறங்கிக் குளிர்ந்து, மறுபடி மண்ணின் வெப்பத்தை வாங்கப் போகும். கோடையில் நான்குவழி வால்வு ஒன்று கேஸின் திசையை மாற்றிவிடும், அப்புறம் வீடுதான் ஃபிரிட்ஜின் உட்புறம். வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் மண்ணுக்குப் போகும். போகிற வழியில் ஒரு பங்கைக் குளிக்கிற வெந்நீருக்குத் திருப்பிக்கொள்ளவும் வசதி உண்டு.

இது நேற்று வந்த யோசனை இல்லை. இப்படி வெப்பத்தை இடம் மாற்றி வீட்டைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852-லேயே சொல்லிவிட்டார். மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பதற்கு ஹைன்ரிச் சோலி என்ற சுவிஸ் பொறியாளர் 1912-ல் காப்புரிமை வாங்கினார்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். சாதாரண மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் கொடுக்கும். நிலவெப்ப ஹீட் பம்ப் நன்றாக அமைந்த வீட்டில் 3 முதல் 5 யூனிட் வரை கொடுக்கும், ஏனென்றால் மிச்சம் மண்ணிலிருந்து வருகிறது. ஆனால் இது மெஷினோடு ஒட்டிப் பிறந்த எண் இல்லை. மண்ணுக்கும் வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு டிகிரி ஏற்ற வேண்டுமோ, அந்த அளவுக்குக் கம்ப்ரஸர் உழைக்க வேண்டும். அறைகளின் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்த வீட்டுக்கு 35 டிகிரித் தண்ணீர் போதும், அதே மெஷின் அங்கே சுகமாக ஓடும். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய சின்ன ரேடியேட்டர்கள் 55 டிகிரிக்கு மேல் கேட்டால் அதுவே மூச்சு வாங்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி, எந்தக் கம்பெனி மெஷின். எங்கள் பதில்: மெஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன் மண்ணுக்குள் போகும் குழாயைப் பற்றிக் கேளுங்கள். உள்ளே இருக்கும் மெஷின் 20, 25 வருடம் ஓடும், அதன் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கீழே போட்ட எச்.டி.பி.ஈ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் 50 வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கப் போகிறது, அதை நீளம் பத்தாமல் போட்டுவிட்டால் எந்தக் கம்பெனி மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

இடம் தாராளமாக இருந்தால் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டிக் குழாயைப் படுக்கையாகப் போடலாம். இடம் குறைவென்றால் போர் போட்டு 50 முதல் 150 மீட்டர் வரை இறக்கி, அதற்குள் யூ வடிவக் குழாயை விடுவோம். எத்தனை மீட்டர் வேண்டும் என்பதை மண்தான் சொல்லும். காய்ந்த மணலில் ஒரு மீட்டர் போருக்கு 20 வாட் கிடைத்தால் பெரிது; ஈரமான மண்ணிலும் நல்ல பாறையிலும் 50, 60 வாட்கூடக் கிடைக்கும். ஒரே மாதிரி இரண்டு வீடுகளுக்கு இரண்டு மடங்கு வித்தியாசத்தில் விலை வருவது இதனால்தான். பெரிய வேலை என்றால் ஒரு சோதனைப் போர் போட்டு, இரண்டு நாளுக்குக் குறையாமல் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு, மண் எவ்வளவு வேகமாக வெப்பத்தை வாங்குகிறது என்று அளந்து பார்ப்பது நல்லது.

குழாய் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டில் நேரில் பார்த்தோம். வேறொருவர் போட்டுக் கொடுத்தது, முதல் குளிர்காலம் அருமையாக ஓடியிருக்கிறது. இரண்டாவது குளிர்காலத்தில் மண்ணிலிருந்து திரும்பும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்து வந்தது, மூன்றாவதில் குழாயைச் சுற்றியிருந்த மண்ணே உறைந்து, மெஷினோடு இருந்த மின் ஹீட்டர் ராப்பகலாக ஓடி, மின் கட்டணம் எகிறிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோடையில் திரும்பச் சேருவதைவிட அதிகமாகக் குளிர்காலத்தில் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு போர் போட வேண்டியதாயிற்று.

துளையிடுவதிலும் அலட்சியம் கூடாது. ஜெர்மனியில் ஷ்டவுஃபென் என்ற பழைய ஊரில் 2007-ல் நகர மன்றக் கட்டடத்துக்காக 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு போர்கள் போட்டார்கள். அடியில் அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்கு இருந்தது. துளை வழியாக நிலத்தடி நீர் அதற்குள் புகுந்ததும் அது ஜிப்சமாக மாறி ஊதிப் பெருத்து, தரை மேலெழும்பி, 200-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல் விட்டது. அதனால்தான் அடியில் என்ன மண் என்று தெரியாமல் நாங்கள் துளையிடுவதில்லை, போருக்குள் குழாயைச் சுற்றி பென்டோனைட் என்ற களிமண் கலவையை அடியிலிருந்து மேல்வரை இடைவெளியில்லாமல் நிரப்பாமல் வேலையை முடிப்பதும் இல்லை. இந்தக் கலவைக்குக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

எல்லோருக்கும் இது ஏற்றது என்றும் சொல்ல மாட்டோம். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் இடத்தில் மண்ணும் சூடாகத்தான் இருக்கும். குளிரூட்ட மட்டுமே ஓட்டினால் வருடா வருடம் வெப்பம் கீழே சேர்ந்துகொண்டே போய், மண் வாங்க மறுக்கும் நிலை வரும். மிதமான குளிர் உள்ள இடத்தில் சின்ன வீடு என்றால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போதும், துளையிடும் செலவு மிச்சம். கடும் குளிரும் நல்ல வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில்தான் மண் முழுப் பலனைக் கொடுக்கிறது, ஏனென்றால் கோடையில் வீட்டிலிருந்து கீழே போன வெப்பத்தில் ஒரு பகுதி குளிர்காலத்தில் உங்களுக்கே திரும்பி வரும். எந்த இடமானாலும் முதலில் கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்புப் போடுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். வீட்டின் தேவை குறைந்தால் மெஷினும் சின்னது, போரும் குட்டை.

எங்களைக் கூப்பிடுவதற்கு முன் கடந்த ஒரு வருட மின்சார, எரிபொருள் பில்கள், வீட்டு வரைபடம், பக்கத்தில் ஏற்கெனவே யாராவது கிணறோ போரோ போட்டிருந்தால் அங்கே என்ன மண் வந்தது என்ற விவரம், இவற்றை எடுத்து வையுங்கள். அறை அறையாக வெப்பத் தேவையைக் கணக்குப் போட்ட பிறகுதான் விலை சொல்வோம். அந்தக் கணக்கின் பிரதி ஒன்றை உங்களிடமும் கொடுத்துவிடுவோம், வேண்டுமானால் வேறு இடத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நிலவெப்பக் கடையினர்