பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாயிற்று. அம்மாவிடம் போனில் பேசிவிடுவதால் உங்களுக்கு எழுதுவது தள்ளிக்கொண்டே போகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'படித்துவிட்டுப் போடா, ஊர் புதுசாகவே தெரியாது' என்று கொடுத்தீர்களே, ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', அது என் தலைமாட்டில்தான் இருக்கிறது. ராத்திரியிலும் இருட்டாத அந்த வெளிச்சமெல்லாம் ஜூனில்தானாம். ஜனவரியில் காலை பத்து மணிக்குத்தான் விடிகிறது, நாலரைக்கு மறுபடி இருட்டு. 'குற்றமும் தண்டனையும்' நடக்கிற சென்னயா சதுக்கத்துக்கும் போனேன். நாவலில் ஜூலை மாதப் புழுக்கம். நான் போனபோது கூரையிலிருந்து பனிக்கட்டி தலையில் விழுமென்று நடைபாதையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

கோட்டு வாங்கிவிட்டேன். பழசுதான், ஆனால் நல்ல கனம். கோகோல் கதையில் வரும் குமாஸ்தா மாதிரி ராத்திரி டீயை நிறுத்திக் காசு சேர்த்தாயா என்று கேட்காதீர்கள். அப்படியெல்லாம் இல்லை. வேலைக்கு நடந்து போவதுகூட உடம்புக்கு நல்லது என்றுதான்.

கிரேச்கா என்று ஒரு தானியம், வேகவைத்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் அம்மாவின் பருப்புப்பொடியைப் போட்டுப் பிசைகிறேன். டப்பா அடி தட்டிவிட்டது.

நான் இருப்பது ஒண்டுக்குடித்தனம், நாலு வீட்டுக்கும் ஒரே அடுப்படி. பக்கத்து அறைப் பாட்டி தொப்பியில்லாமல் படியிறங்கினால் திட்டுவார். வீட்டுக்குள் விசிலடித்தால் காசு தங்காது என்று அதற்கும் திட்டு. (தங்குகிறது, கவலைப்படாதீர்கள்.) ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் என்று சலித்துக்கொள்வீர்களே, இங்கே மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் அப்பா பெயரையும் சேர்க்க வேண்டும். பாட்டி உங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு என்னைச் 'செந்தில் முருகேசனோவிச்' ஆக்கிவிட்டார். முதல் நாள் அந்தக் குரல் கேட்டதும், யாரோ வாசலில் நின்று உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன், அப்பா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, அதை விடுங்கள். வள்ளிக்கு வந்த கும்பகோணத்து வரன் என்ன ஆயிற்று? பவுன் விஷயத்தை மாமா பேசட்டும், நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினால் போதும், புதுசு இப்போது வேண்டாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ தாமதம். சொசைட்டி நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள். போதாவிட்டாலும் அம்மா வளையலைக் கழற்ற விடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
செந்தில்